'ஹார்ட்லி' என்றால் கடுமையாக அல்ல

ஆங்கிலத்தில் 'ஹார்ட்' என்ற சொல்லே கடினமான, கடுமையாக என்ற இரண்டு பொருளையும் தரும். அதோடு 'லி' சேர்த்தால் பொருள் அடியோடு மாறிவிடும். 'ஹார்ட்லி' என்றால் 'கிட்டத்தட்ட இல்லை' என்று அர்த்தம்.

'ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் அவர் கடுமையாக உழைக்கிறார். 'ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அவர் வேலையே செய்வதில்லை என்கிற அளவுக்குப் போய்விடும்! வேலைக்கான விண்ணப்பத்தில் இதை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தயவுசெய்து இதில் மட்டும் கவனமாக இருங்கள்.

இந்தச் சொல்லுக்குள்ளேயே 'இல்லை' ஒளிந்திருப்பதால் கூடவே 'நாட்' போடக் கூடாது. நீங்கள் பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்பதற்கு 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ' போதும்; 'கான்ட் ஹார்ட்லி' தவறு. அதே காரணத்தால்தான் 'ஹார்ட்லி நோபடி' என்று சொல்லாமல் 'ஹார்ட்லி எனிபடி' என்கிறோம், அதாவது கிட்டத்தட்ட யாருமே இல்லை. அப்புறம், 'ஹார்ட்லி எவர்' என்றால் எப்போதோ ஒருமுறை.