தோண்டுவதற்கு முன்: மண்ணிலும் நீரிலும் கோட்டை விடும் இடங்கள்

சென்ற மாதம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன தம்பி ஒருவர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். "அண்ணே, மண்ணின் பலம் பார்க்க எப்படியும் எட்டுத் துளை போடுகிறார்கள். மாசு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டிய நிலத்தடி நீரையும் அதிலேயே எடுத்துவிட்டால் செலவு மிச்சம்." பதினான்கு வருஷத்துக்கு முன் கிட்டத்தட்ட இதே சொற்களை நானும் என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். அதன் விலை என்னவென்று தெரிந்ததால் எழுதுகிறேன். கையுறை, போத்தலில் பெயர்ச்சீட்டு எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

நிலத்தின் பழைய கதையைக் கேட்காதது

சிங்கப்பூரில் இன்று புல்வெளியாகக் கிடக்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலாங் எரிவாயு ஆலை 1862 முதல் 1998 வரை ஓடியது. அந்த இடத்தில், கம்போங் பூகிஸில், குடியிருப்பு எழ வேண்டுமானால் முதலில் மண்ணைச் சுத்தப்படுத்தியாக வேண்டும். சுங்கை காடுட் மரப்பட்டறைகளுக்குப் பேர்போனது. மரம் பதப்படுத்திய இடமென்றால் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சோதனைப் பட்டியலில் சேருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்களும் வான்வழிப் படங்களும் இருக்கின்றன. அப்புறம், அங்கே நெடுநாள் வேலை பார்த்த ஃபோர்மேனைத் தேடிப் பிடியுங்கள். டீசல் தொட்டியை எங்கே புதைத்தார்கள் என்பது பல சமயம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரே துளையில் இரண்டு வேலை

இன்றும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இதுதான்.

மேற்குப் பக்கம் ஒரு நிலம். முன்பு லாரி பழுதுபார்க்கும் பட்டறை. கட்டடத்துக்கு நிலத்துக்கடியில் ஒரு தளம் உண்டு என்பதால் மண் பரிசோதனைத் துளைகள் 25 மீட்டர் வரை போயின. அவற்றில் நான்கில் குழாய் இறக்கி, நீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். எண்ணெய் 'கண்டறியப்படவில்லை' என்று முடிவு வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

தோண்ட ஆரம்பித்த மூன்றாவது நாள் காலை, குழியில் தேங்கிய நீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மிதந்தது. குழியோரம் நின்றாலே டீசல் வாடை. அந்த நீரைக் கால்வாயில் விட முடியாது. நச்சுக் கழிவு ஏற்ற உரிமம் பெற்றவர்களின் டேங்கர்கள் வந்து அள்ளிப் போக வேண்டியதாயிற்று. ஐந்து வாரம் வேலை நின்றது. ஊரில் கடன் வாங்கி வந்திருந்த ஊழியர்கள் கூடுதல் நேரச் சம்பளம் இல்லாமல் விடுதியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

எங்கே தவறினோம்? டீசல் தண்ணீரைவிட லேசானது. நிலத்தடி நீர்மட்டத்தின் மேலேயே தங்கும். அங்கே நீர்மட்டம் 1.8 மீட்டரில் இருந்தது. எங்கள் குழாயில் நீர் நுழையும் துவாரப் பகுதியோ 9 மீட்டருக்குக் கீழே. நிலத்தடித் தளம் கட்டுபவருக்கு ஆழத்து நீரழுத்தம் வேண்டும், ஆகவே அவருக்கு அது சரியான ஆழம். எண்ணெயைத் தேடுகிறவருக்கு அது குருட்டுக் குழாய். மாசு பார்க்கும் கிணற்றில் துவாரப் பகுதி நீர்மட்டத்தின் இரு பக்கமும் இருக்க வேண்டும்: மட்டம் மிக உயரும்போதும் அதற்கு மேலே கொஞ்சம், மிகத் தாழும்போதும் அதற்குக் கீழே கொஞ்சம்.

இன்னொன்றும் உண்டு. மண் பரிசோதனைத் துளையைப் பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சித்தான் போடுகிறார்கள். அவசரப்பட்டு மறுநாளே மாதிரி எடுத்தால் போத்தலில் வருவதில் பாதி நாம் ஊற்றிய குழாய்த் தண்ணீர். தனிக் கிணறு போடுங்கள். செலவைக் கேட்டு முகம் சுளிக்கும் மேலாளரிடம் ஒரு நாள் வேலை நின்றால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அதே சமயம், எல்லா மாசும் மிதக்காது. உலோகத்தின் பிசுக்கெடுக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிடக் கனமானது, களிமண் அடுக்கு வரை இறங்கி அதன் மேல் தேங்கும். அந்த அடுக்கை அஜாக்கிரதையாகத் துளைத்தால் நாமே அதற்குக் கீழே வழி திறந்துவிட்டவர்கள் ஆவோம்.

ஒரு நாள் அளவை நம்புவது

கடலை மண்ணிட்டு மேடாக்கிய இடங்களில் கிணற்று நீர்மட்டம் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெருவேற்றம் வந்தால் நம் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏறக்குறைய 3 மீட்டர் வித்தியாசம். கிணற்றில் அவ்வளவு தெரியாது, ஆனாலும் காலை அளவும் மாலை அளவும் ஒன்றாக இருக்காது. ஒரு முழு ஏற்ற இறக்கத்தை அளந்து பாருங்கள். டிசம்பர் மழையில் இன்னொரு தடவை.

மாசுபட்ட மண்ணில் மழைத்தோட்டம்

0.2 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள மனைகளில் மழைநீர் வெளியேறும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது 2014 முதல் விதி. அதற்காக மழைத்தோட்டம், அதாவது மழைநீரைத் தேக்கி மெல்ல வடியவிடும் செடிப் பாத்தி, வைப்பது அழகுதான். ஆனால் கீழே மாசு இருந்தால், அடியில் நீர் புகாத விரிப்பு போடாத தோட்டம் அதை மழைநீரோடு ஆழத்துக்கு அனுப்பும். தோட்டத்தை வடிவமைப்பவர் மண் அறிக்கையைப் பார்த்தாரா என்று நேரில் கேளுங்கள்.

கலங்கல் நீர்

வேலையிடத்திலிருந்து கால்வாயில் விடும் நீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தீவில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்தக் கால்வாயில் போவதுதான் நம் குழாயிலும் வருகிறது.

வேலை முடிந்த துளையைத் திறந்தே விடுவது

விடாதீர்கள். நீர் பட்டால் உப்பும் பென்டோனைட் களிமண் போட்டு அடையுங்கள்.

போத்தலில் காற்று

பென்சீன் போன்றவை ஆவியாகிப் போகும். 40 மில்லி போத்தலை விளிம்பு வரை நிரப்பி, மூடித் தலைகீழாகப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். குமிழி ஏறினால் அந்தப் போத்தலை ஒதுக்கிவிட்டு வேறொன்றில் எடுங்கள். உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள், லாரியின் டாஷ்போர்டில் அல்ல.