பழங்கதை, பாட்டு, பகடை: கதையாட்ட மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாத்தியம் வாசிப்பவர்களில் சிலருக்குப் பழங்கதைப் பித்தும் கூடவே இருக்கும். ஆர்தர் மன்னனின் வீரர்கள், அயர்லாந்தின் பழைய தெய்வங்கள், பின்லாந்தின் மந்திரப் பாடகர்கள் என்று தேடித் தேடிப் படிப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் என்றைக்காவது ஒருநாள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) மாதிரியான ஓர் ஆட்டத்தில் வந்து உட்காருவார்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து கதையை நடத்த, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் ஆட்டம் இது. டி அண்ட் டியைக் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்க, அது 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது.

நானும் வயலின் வாசிப்பவன். வீட்டில் நண்பர்களுக்கு இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். கதையும் இசையும் தெரிந்த ஒருவர் கேம் மாஸ்டராக உட்கார்ந்தால் மேசை களைகட்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நமக்கு நிறையத் தெரியும் என்பதாலேயே மற்றவர்களுக்கு இடம் விடாமல் போய்விடுகிறோம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்து கிளம்புபவைதான்.

பழங்கதையை நாடகப் பிரதியாக எடுத்துக்கொள்வது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். பச்சை வீரனின் கதையை எடுத்துக்கொள்வோம். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெயர் தெரியாத கவிஞர் ஒருவர் ஆங்கிலத்தில் பாடிய கதை. ஆர்தரின் புத்தாண்டு விருந்துக்குள் உடம்பெல்லாம் பச்சையான ஒரு வீரன் குதிரையோடு நுழைகிறான். ஒரு கையில் கோடரி, மறு கையில் ஹாலிச் செடியின் கொப்பு. "இந்தக் கோடரியால் என்னை ஒரு வெட்டு வெட்டுங்கள். ஓராண்டும் ஒரு நாளும் கழித்து அதே வெட்டை நான் திருப்பித் தருவேன்" என்கிறான். ஆர்தரின் வீரர்களில் ஒருவனான கவெய்ன் அவன் தலையைத் துண்டிக்கிறான். அவனோ தலையைக் கையில் எடுத்துக்கொண்டு, வருகிற ஆண்டு வந்து சேர் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

மேசையில் இதை நடத்தும் கேம் மாஸ்டர் பலர், தலை எப்போது விழும் என்றே காத்திருக்கிறார்கள். விளையாடுபவர் ஒருவர் கொஞ்சம் யோசித்து, "கோடரியின் முனையால் கழுத்தை லேசாகத் தொடுகிறேன்" என்றால் தடுமாறிப் போகிறார்கள். 'இல்லை, உன் வீரனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது' என்று இழுத்துப் பிடித்துத் தலையை வெட்டவைக்கிறார்கள். அந்த நொடியே ஆட்டம் செத்துவிடும். இனி என்ன செய்தாலும் கதை அதன் போக்கில்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

லேசாகத் தொட்டவனுக்கு ஓராண்டு கழித்து லேசான தொடுதல்தான் திரும்ப வரவேண்டும். அப்படியானால் அந்த ஓராண்டை அவன் எப்படிக் கழிப்பான்? சபையில் அவனைக் கோழை என்பார்களா, கெட்டிக்காரன் என்பார்களா? பச்சை வீரன் அவனை மதிப்பானா, ஏமாற்றிவிட்டான் என்று நினைப்பானா? இந்தக் கேள்விகள் மூலக்கதையில் இல்லை. உங்கள் மேசையில் பிறந்தவை. பழங்கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சிக்கலை மட்டும்தான்: ஒரு சவால், ஒரு வாக்கு, ஒரு கெடு. முடிவை விட்டுவிடுங்கள்.

முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையை விடாமல் நடத்த ஆசைப்பட்டால், கிரெக் ஸ்டாஃபோர்டு 1985-ல் வெளியிட்ட பென்ட்ராகன் ஆட்டத்தைப் பார்க்கலாம். அதில் ஆர்தரும் அவரது வீரன் லான்சலாட்டும் தங்கள் விதிப்படி போவார்கள். விளையாடுபவர்கள் அந்தக் காலத்தில் வாழும் பெயர் தெரியாத வீரர்கள். பொதுவாக ஆண்டுக்கு ஒரு சாகசம் என்று காலம் ஓடும். குளிர்காலத்தில் கல்யாணம், குழந்தை, நிலபுலன் எல்லாவற்றையும் பகடை தீர்மானிக்கும். வீரன் செத்தால் மகன் வருவான். கருணைக்கு எதிரே கொடுமை, வீரத்துக்கு எதிரே கோழைத்தனம் என்று ஜோடி ஜோடியாகக் குணங்களும் உண்டு. ஒரு ஜோடியின் கூட்டுத்தொகை எப்போதும் 20. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பெரிய கதையைத் தொடாமல், அதன் நிழலில் சின்னக் கதைகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஆட்டம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

"உண்மையான கதை அப்படி இல்லை" என்பது

ஆர்தர் கல்லிலிருந்து உருவிய வாள்தான் எக்ஸ்காலிபர் என்று ஒருவர் சொல்வார். உடனே நமக்குக் கை பரபரக்கும். ஆர்தர் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிய தாமஸ் மாலரியின் நூலில் கல்வாள் ஒரு சண்டையில் முறிந்துபோகிறது, அப்புறம்தான் ஏரியிலிருந்து எக்ஸ்காலிபர் கிடைக்கிறது. சரிதான். ஆனால் மாலரியின் நூலைக் காக்ஸ்டன் அச்சிட்டது 1485-ல். அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாக அந்தக் கதை ஆளுக்கொரு விதமாக மாறிவந்தது. லான்சலாட்டே 12-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர்கள் கையில் வந்து சேர்ந்தவன்தான்.

பின்லாந்தின் காவியமான கலேவலாவும் அப்படித்தான். எலியாஸ் லோன்ரோட் என்ற மருத்துவர் ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடகர்களிடம் கேட்டு எழுதியதை இழைத்து 1835-ல் வெளியிட்டார். 1849-ல் அதையே 50 பாடல்களாக விரித்தார். ஒரே பாட்டைப் பாடகருக்குப் பாடகர் வேறு மாதிரி பாடினார்கள். அதனால் மேசையில் ஒருவர் 'தப்பாக'ச் சொன்னால் அதையே அன்றைய கதையாக எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் என்னவென்று ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது சொல்லலாம். கேட்க விரும்புபவர் அப்போது ஆசையாகக் கேட்பார்.

இன்னொன்று. அரசர்களையும் மந்திரவாதிகளையும் மட்டும் அழகாகத் தயார் செய்துகொண்டு, சின்னப் பாத்திரங்களை வெறுமனே விட்டுவிடாதீர்கள். கலேவலாவில் லெம்மின்கைனன் என்ற வீரன் வடநாட்டு மாளிகையில் இருக்கும் வீரர்களையெல்லாம் பாட்டாலேயே அடக்கிவிடுவான். பார்வையற்ற ஒரு மாட்டிடையனை மட்டும், நீ எதற்கும் லாயக்கில்லை என்று ஏளனமாகச் சொல்லி ஒதுக்கிவிடுவான். அந்த இடையன்தான் அவனை ஆற்றங்கரையில் காத்திருந்து கொல்கிறான். அப்புறம் சாவு உலகத்து ஆற்றில் கிடக்கும் மகனின் துண்டுகளைப் பெரிய வாரியால் வாரியெடுத்து ஒட்டவைத்து உயிர்ப்பிப்பவள் அவன் அம்மா. கதையைத் திருப்பிய இருவருமே பட்டியலில் கடைசியில் வரக்கூடியவர்கள்.

இடைவிடாமல் இசை ஓட்டுவது

இசைக்காரர்கள் தவறாமல் செய்வது இது. நாலு மணி நேரப் பட்டியலைத் தயார் செய்து, ஸ்பீக்கரை மேசை நடுவில் வைத்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் யார் காதிலும் அது விழாது. ஆனால் எல்லோரும் அதற்கு மேலே குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருப்பார்கள். நம் வீடுகளில் மின்விசிறிச் சத்தம் வேறு. ஸ்பீக்கரை மேசையிலிருந்து தள்ளி ஒரு மூலையில் வையுங்கள். மிகவும் தூரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சாதாரணக் குரலில் பேசி, எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குப் புரிகிறதா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் சத்தம் அதிகம்.

வார்த்தை உள்ள பாட்டு வேண்டாம். வார்த்தை காதில் விழுந்தால் மனசு அதன் பின்னால் போய்விடும். பிரபலமான படங்களின் பின்னணி இசையையும் நான் தவிர்ப்பேன். முதல் நான்கு சுரங்களிலேயே அந்தப் படமும் அந்த நடிகரும் அறைக்குள் வந்துவிடுகிறார்கள். நீங்கள் சொல்லும் காடு அப்புறம் யாருக்கும் தெரியாது.

எத்தனை இசை வேண்டும் என்பதற்கு அயர்லாந்துக் கதை ஒன்று நல்ல வழி காட்டுகிறது. டாக்தா என்ற தெய்வத்தின் யாழை எதிரிகளான ஃபோமோரியர்கள் கவர்ந்து போகிறார்கள். அவன் அவர்களுடைய விருந்து மண்டபத்துக்கே போய்க் கூப்பிட்டதும், யாழ் சுவரை விட்டுத் தானே தாவி வந்து சேர்கிறது. அதில் அவன் வாசிப்பது மூன்றுதான்: அழவைக்கும் இசை, சிரிக்கவைக்கும் இசை, தூங்கவைக்கும் இசை. கடைசி இசையில் எதிரிப்படை முழுக்கத் தூங்கிப்போக, டாக்தாவும் கூடப் போனவர்களும் காயமின்றித் தப்புகிறார்கள். துயரத்துக்கு முகாரி, தாலாட்டுக்கு நீலாம்பரி என்று பழகிய நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஒரு மாலை ஆட்டத்துக்கு மூன்று மனநிலைகள் போதும். அவற்றை எங்கே வைப்பது என்று யோசிப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

என் அனுபவத்தில் பின்னணிக்குத் தம்புரா ஸ்ருதியை மெல்லிசாக ஓடவிடுவது பலமுறை நன்றாக வேலை செய்திருக்கிறது. அது கவனத்தைக் கேட்காது. ஆனால் நிறுத்தினால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கல்லறைக் கதவு திறக்கும் நொடியில் சட்டென்று நிறுத்திப் பாருங்கள், நான் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

முக்கியமான பாத்திரத்துக்கு ஒரு சின்ன மெட்டு வைப்பதும் நல்ல வழி. தெருக்கூத்தில் பாத்திரம் திரைக்குப் பின்னால் நின்றபடியே பாடித் தன்னை அறிவித்துக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல, துரோகி வரும் ஒவ்வொரு முறையும் நாலு சுரம் வாசித்துவிட்டு வில்லைக் கீழே வைத்துவிடுங்கள். சில வாரம் கழித்து, யாரோ ஒரு அப்பாவி வியாபாரி பேசும்போது அதே நாலு சுரத்தை வாசித்தால் மேசையே உறைந்துபோகும். ஆனால் நாலு சுரத்தோடு நிறுத்தவேண்டும். ஆலாபனையாக விரித்தால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ரசிகர்களாகிவிடுவார்கள். விளையாட வந்தவர்கள் அவர்கள்.

பாணரைப் பாடச் சொல்வது

டி அண்ட் டியில் பாணர் என்று சொல்லத்தக்க பார்டு பாத்திரம் 1976-லேயே வந்துவிட்டது. பாட்டால் கூட்டாளிகளுக்குத் தெம்பூட்டுவது அதன் வேலை. அதை எடுத்த கூச்ச சுபாவமுள்ள ஒருவரிடம் "எங்கே, பாடிக் காட்டு" என்று கேட்பது கொடுமை. கத்திச் சண்டை போடும் பாத்திரத்தை எடுத்தவரை யாரும் எழுந்து வாள் வீசச் சொல்வதில்லையே. "உன் பாட்டு எதைப் பற்றியது?" என்று கேளுங்கள், போதும். "செத்துப்போன எங்கள் ஊர்த் தச்சரைப் பற்றி" என்று ஒரு வரி வரும். அந்த வரியில் ஒரு கதையே இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நன்றாகப் பாடுபவர் ஒருவர் நிஜமாகவே பாடிவிட்டார் என்பதற்காகப் பகடை உருட்டாமல் அவருக்கு வெற்றியைக் கொடுக்காதீர்கள். பாட வராதவருக்கு அது அநியாயம்.

கையையும் குரலையும் மறப்பது

பாத்திரங்களுக்காக மேசையில் வைக்கும் மினியேச்சர் பொம்மைகளை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசுவது இந்தப் பொழுதுபோக்கின் அருமையான பகுதி. தந்தி வாத்தியக்காரர்களுக்கு அதில் ஆபத்தும் உண்டு. சூப்பர் க்ளூ விரல் நுனியில் காய்ந்தால் தந்தியின் உணர்வே தெரியாது. உரிக்கப்போய்த் தோலும் வரும். இடது கையில் பொம்மையைப் பிடித்து வலது கையால் பிளேடு போடும்போது வழுக்கினால் வெட்டுப்படுவது சுரம் பிடிக்கும் விரல்தான். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களைப் பிரிக்க நிப்பர் என்ற சின்ன வெட்டுக்குறடு வாங்குங்கள், கத்தியை எப்போதும் விரலுக்கு எதிர்த்திசையில் இழுங்கள், மெல்லிய கையுறை போடுங்கள். கச்சேரிக்கு முந்தைய நாட்களில் வண்ணம் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமர் ஸ்பிரேயை வீட்டுக்குள், அதுவும் வாத்தியம் இருக்கும் அறையில் அடிக்கவே கூடாது. மழைக்கால ஈரத்தில் அது பொரிப்பொரியாக வேறு படியும். அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் பிரைமர் நல்லது.

பாடுபவர்கள் அரக்கனுக்கும் டிராகனுக்கும் தொண்டையை இறுக்கி உறுமுவதை மூன்று நான்கு மணி நேரம் செய்தால், மறுநாள் சாதகத்தில் மேல் ஸ்தாயி எட்டாது. குரலை மாற்றத் தொண்டையைக் கசக்கவேண்டியதில்லை. நமக்குத்தான் லயம் இருக்கிறதே. கிழட்டு டிராகன் ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் நீண்ட இடைவெளி விடட்டும். பூதம் கேள்வியாகவே பேசட்டும். சேவகன் ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கட்டும். உங்கள் இயல்பான ஸ்தாயியிலேயே மூவரும் வேறு வேறு ஆட்களாகத் தெரிவார்கள்.

கும்பிடும் சாமிக்கு உயிர்ப்புள்ளி போடுவது

1980-ல் வெளிவந்த ஒரு டி அண்ட் டி நூலில் உலகத் தெய்வங்களுக்கெல்லாம், நம் இந்திரனுக்கும் சேர்த்து, எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் உயிர்ப்புள்ளி உட்படச் சண்டைக்கான எண்கள் கொடுத்திருந்தார்கள். எண் இருந்தால் அதைக் கொல்லலாம் என்று விளையாடுபவர் எடுத்துக்கொள்வார். இன்றைக்கும் கோயிலும் கொடையும் நடக்கும் மதுரை வீரனையோ முத்துப்பட்டனையோ இப்படி மேசைக்குக் கொண்டுவரும் ஆசை உங்களுக்கு வந்தால், மேசையில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒருவருக்கு அவர் குலதெய்வமாக இருக்கலாம். இவர்கள் கதைகளில் சாதிக்கொடுமையும் கொலையும் உண்டு. அது யாருக்கு எங்கே வலிக்கும் என்று நமக்குத் தெரியாது. முதல் ஆட்டத்துக்கு முன்பே எதெல்லாம் வேண்டாம் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்வதை ஆட்டக்காரர்கள் 'செஷன் ஜீரோ' என்பார்கள். அதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். நான் தெய்வங்களை எதிரியாக வைப்பதில்லை. அவர்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிய மனிதர்களைத்தான் வைப்பேன்.

நேரம்

மூன்று மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள், கதை சூடாக இருந்தாலும். மறுநாள் காலை சாதகம் இருப்பவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் அதற்கு மேல் கட்டுப்படியாகாது. அடுத்த தேதியை எல்லோரும் மேசையில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் விட்டால் அது ஆறு வாரம் தள்ளிப்போகும். அப்புறம் அன்று பிறந்த பெயர்களையும், யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதையும், எந்த மெட்டை யாருக்கு வாசித்தீர்கள் என்பதையும் தூங்கப்போகும் முன் நோட்டில் எழுதிவிடுங்கள். மெட்டைச் சுரத்தோடு எழுதுங்கள்.