நள்ளிரவில் கோப்ளின் வந்தால் ஓய்வு கலையுமா? டி அண்ட் டி ஓய்வு விதிகளைப் படிக்கும் முறை

எங்கள் மேசையில் ஒருமுறை, ஐந்து சுற்றில் முடிந்த சண்டைக்காக முக்கால் மணி நேரம் வாதாடினோம். ஒரு சுற்று என்பது ஆட்ட உலகில் 6 விநாடி. ஆகக் கூடி அரை நிமிடச் சண்டை. கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் செத்துக் கிடக்க, எங்கள் தூக்கம் கலைந்ததா இல்லையா என்று உயிரோடிருந்தவர்கள் அடித்துக்கொண்டோம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை ஆட்டத்தைத் தொடங்கும் எல்லோருக்கும் இந்த வழக்கு ஒருநாள் வந்தே தீரும். அது வருவதற்குள் விதியை ஒழுங்காகப் படித்துவிடலாம். காயம் ஆறவும் சக்தி மீளவும் கதாபாத்திரங்கள் எடுக்கும் சிறு ஓய்வு, நீண்ட ஓய்வு இரண்டையும் ஷார்ட் ரெஸ்ட், லாங் ரெஸ்ட் என்றுதான் மேசையில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதன் திருத்திய விதிகள் 2024இல் வந்தன. இரண்டிலும் ஓய்வின் பெயர்கள் ஒன்றே, நுணுக்கங்கள் வேறு. ஒருவர் பழைய புத்தகத்தையும் மற்றவர் புதியதையும் வைத்துக்கொண்டு வாதிட்டால் விடியும்வரை முடியாது. கையில் புத்தகம் இல்லாதவர்களுக்கு: 2023 ஜனவரி முதல் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கீழே 2014 விதிகளைத்தான் சொல்கிறேன். 2024 மாறும் இடத்தில் குறிப்பிடுவேன்.

ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்டில் காயம் எப்படி ஆறும் என்று சிலர் மருத்துவம் பேசுவார்கள். பேச விடாதீர்கள். பழைய அட்வான்ஸ்ட் பதிப்பில் ஒரு நாள் முழுக்கப் படுத்தால் ஒரே ஒரு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, திரும்பும். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் ஷார்ட் ரெஸ்ட் வெறும் ஐந்து நிமிடம். இந்த எண்கள் எல்லாம் ஆட்டத்தின் வேகத்துக்காக வைத்தவை.

இரண்டாம் படி: ஷார்ட் ரெஸ்டைக் கையால் போட்டுப் பாருங்கள்

குறைந்தது ஒரு மணி நேரம். சாப்பிடலாம், குடிக்கலாம், படிக்கலாம், காயத்துக்குக் கட்டுப் போடலாம். அதைவிடக் கடுமையாக எதுவும் செய்யக் கூடாது. முடிவில் ஹிட் டைஸ் என்ற, காயம் ஆற உருட்டும் பகடைகளைச் செலவழித்து உடலைத் தேற்றலாம். கதாபாத்திரம் எத்தனையாவது லெவலோ (படிநிலையோ) அத்தனை ஹிட் டைஸ்.

மூன்றாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்) ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழு ஹிட் பாயிண்ட் 28, இப்போது மிச்சம் 9. கையில் மூன்று பத்துமுகப் பகடை, ஒவ்வொரு ஹிட் டையோடும் சேரும் கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) கூட்டல் 2. புதியவர் உடனே மூன்று பகடையையும் உருட்டிவிடுவார். பொறுங்கள். ஃபைட்டருக்குத் தன்னைத் தானே தேற்றிக்கொள்ள செகண்ட் விண்ட் என்று ஒரு திறன் உண்டு. ஷார்ட் ரெஸ்ட் முடிந்தால் அது திரும்பக் கிடைத்துவிடும். ஆகவே உட்காருவதற்கு முன்பே அதைப் பயன்படுத்துங்கள். பகடையில் 5 விழுகிறது, லெவல் 3 சேர்ந்து 8, மொத்தம் 17. அப்புறம் ஒரு மணி நேரம். முதல் ஹிட் டையில் 4 விழுந்தால் 2 கூட்டி 6, மொத்தம் 23. இங்கே நிறுத்தலாம். ஒவ்வொரு பகடைக்குப் பிறகும், அடுத்ததை உருட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய விதி இடம் தருகிறது. இன்னும் ஐந்து புள்ளிக்காக ஒரு பத்துமுகப் பகடையைச் செலவழிப்பது, என் கணக்கில், வீண்.

மூன்றாம் படி: லாங் ரெஸ்டில் திரும்பாதது எது?

எட்டு மணி நேரம். அதில் ஆறு மணி நேரமாவது தூக்கம், இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் பேச்சு, படிப்பு, காவல் போன்ற இலேசான வேலை. தொடங்கும்போது ஒரு ஹிட் பாயிண்டாவது இருக்க வேண்டும். எழுந்தால் ஹிட் பாயிண்ட் முழுதும் நிரம்பிவிடும், மந்திரம் போடச் செலவாகும் ஸ்பெல் ஸ்லாட்டும் திரும்பிவிடும். ஹிட் டைஸ் மட்டும் அப்படியில்லை: மொத்தத்தில் பாதிதான் திரும்பும், குறைந்தது ஒன்று. நம் ஃபைட்டர் நேற்று மூன்றையும் கரைத்திருந்தால் இன்று காலை கையில் இருப்பது ஒன்றுதான். ஒன்றை மட்டும் செலவழித்திருந்தால் மீண்டும் மூன்று. 2024இல் இந்தக் கஞ்சத்தனம் இல்லை. எல்லா ஹிட் டைஸும் திரும்பிவிடும்.

நான்காம் படி: அந்தச் சிக்கலான வாக்கியம்

2014 விதி சொல்வது ஏறத்தாழ இது: கடும் உழைப்பு ஓய்வைக் குலைத்தால், அதாவது குறைந்தது ஒரு மணி நேரம் நடத்தல், சண்டையிடுதல், மந்திரம் போடுதல் அல்லது இவை போன்ற செயல்கள் குறுக்கிட்டால், ஓய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

'பழைய சோறும் குழம்பும் இருக்கின்றன' என்று வீட்டில் சொன்னால், குழம்பும் பழையதா என்று கேட்போமே, அதே சிக்கல்தான் இங்கும். 'ஒரு மணி நேரம்' நடத்தலுக்கு மட்டும் அடையா, எல்லாவற்றுக்குமா?

நடத்தலுக்கு மட்டும் என்றால், இருட்டிலிருந்து ஒரு கோப்ளின் அம்பு விட்டு ஓடினாலே இரவு பாழ். ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் இரக்கமற்றவராக இருந்தால் தினமும் ஒரு கோப்ளினை அனுப்பிக் குழுவைக் கொன்றுவிடலாம். எல்லாவற்றுக்கும் என்றால், ஒரு மணி நேரச் சண்டைக்கு 600 சுற்று வேண்டும். அப்படி ஒரு சண்டையை நான் கண்டதில்லை. கண்டவர்கள் அந்த மேசைக்குத் திரும்பிப் போயிருக்கமாட்டார்கள்.

வாக்கிய அமைப்பைப் பார்த்தால் இரண்டாவது வாசிப்பே சரி என்பது என் கட்சி. 'கடும் உழைப்பு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அதன் அளவையும் வகைகளையும் அடுத்தடுத்து அடுக்குகிறார்கள்; பட்டியலின் கடைசியில் 'இவை போன்ற' என்றும் வருகிறது. எனவே அளவு பட்டியல் முழுவதற்கும் பொது. சண்டை, துரத்தல், ஓட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தொட்டால்தான் ஓய்வு குலையும். எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு: இப்படிப் படித்தால் இரவுத் தாக்குதலுக்கு எந்த விலையும் இல்லாமல் போகிறது.

2024 விதி இந்த வழக்கை முடித்துவைத்தது. சண்டை தொடங்க இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற வரிசை) உருட்டினால், ஸ்லாட் செலவில்லாத கேன்ட்ரிப் என்ற எளிய மந்திரம் தவிர வேறு மந்திரம் போட்டால், அடி பட்டால், ஒரு மணி நேரம் நடந்தாலோ உடலை வருத்தினாலோ லாங் ரெஸ்ட் தடைப்படும். ஆனால் தடைப்பட்டது அழிந்துவிடாது. உடனே தொடரலாம், ஒவ்வொரு தடைக்கும் ஒரு மணி நேரம் கூடும். இரவு 10 மணிக்குப் படுத்து, 1 மணிக்குச் சண்டை வந்தால், 6 மணிக்கு எழ வேண்டியவர்கள் 7 மணிக்கு எழுவார்கள். 4 மணிக்கு மறுபடியும் வந்தால் 8 மணி. அந்த முதல் சண்டைக்கு முன்பே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓய்ந்திருப்பதால் ஷார்ட் ரெஸ்டின் பலனும் கிடைத்துவிடும். ஷார்ட் ரெஸ்டே தடைப்பட்டால் மட்டும் ஒன்றும் கிடைக்காது.

நாங்கள் 2014 புத்தகத்தை வைத்து ஆடினாலும் இந்த ஒரு விதியைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

ஐந்தாம் படி: காவல் கணக்கு

நான்கு பேர் இருந்தால் கணக்கு அழகாக வரும்: எட்டு மணி நேரம், தலைக்கு இரண்டு. விதி அனுமதிக்கும் இலேசான வேலையும் இரண்டு மணி நேரம்தான். மூன்று பேர் என்றால் உதைக்கிறது. தலைக்கு 2 மணி 40 நிமிடம். ஒன்பது மணி நேரமாக நீட்டி ஆளுக்கு மூன்று மணி என்று பிரித்தாலும் நடுவில் விழிப்பவர் மாட்டிக்கொள்வார். முதலாமவர் ஓய்வை ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கலாம், கடைசி ஆள் ஒரு மணி முன்னதாக முடித்துக்கொள்ளலாம்; நடு ஆளின் தூக்கத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு மூன்று மணி நேரக் காவல் நிற்கும், அவருக்கு வழியில்லை.

இதற்குச் சிறந்த மருந்து அலாரம் என்ற முதல் லெவல் மந்திரம். எட்டு மணி நேரம் நிற்கும்; ரிச்சுவலாக, அதாவது சடங்காக நேரமெடுத்துப் போட்டால் ஸ்லாட்டும் செலவில்லை. ஆளுக்கு இரண்டு மணி நேரம் காவல், மிச்ச இரண்டு மணி நேரம் அலாரத்தின் பொறுப்பு. குழுவில் எல்ஃப் இனத்தவர் இருந்தால் இன்னும் எளிது. 2024 விதிப்படி அவருக்கு நான்கு மணி நேரத்திலேயே லாங் ரெஸ்ட் முடிந்துவிடும், பிறகு விடியும்வரை விழித்திருக்கலாம்.

ஆறாம் படி: 24 மணி நேரம்

ஒரு நாளில் ஒரு லாங் ரெஸ்டின் பலன்தான். காலை 6 மணிக்கு முடிந்தால் அடுத்த பலன் மறுநாள் 6 மணிக்கு முன் வராது. 9 மணிக்கு ஒரு சண்டை போட்டுவிட்டு மறுபடி படுக்கலாமா என்று கேட்பவருக்கு இதுவே பதில்.

கடைசியாக, ஆடத் தொடங்கும் முன்

ஓய்வு வேண்டுமா என்று குழுவைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வருவது ஏன் என்று புதியவர்கள் குழம்புவார்கள். வார்லாக், விசார்ட் இரண்டும் மந்திரக்காரக் கதாபாத்திர வகைகள். வார்லாக்கின் ஸ்பெல் ஸ்லாட் ஷார்ட் ரெஸ்டிலேயே திரும்பிவிடும். விசார்ட் பெரும்பாலும் இரவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒருவர் மணிக்கொருமுறை உட்காரச் சொல்வார், மற்றவர் எதற்கு என்பார். வேகம் ஒத்துவராவிட்டால் டஞ்சன் மாஸ்டருக்கான 2014 கையேட்டில் மாற்று விதிகள் உண்டு: ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள் என்பது ஒன்று, 5 நிமிடம், ஒரு மணி நேரம் என்பது இன்னொன்று. ஏழு நாள் விதியை நாங்கள் ஒருமுறை முயன்றோம். மூன்றாவது வாரத்தில் வார்லாக் ஆடிய நண்பர் வேறு கதாபாத்திரம் கேட்டார்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு தாளில் எழுதி மேசை நடுவில் வையுங்கள்: எந்தப் பதிப்பு, சண்டை வந்தால் ஓய்வு குலையுமா, காவல் வரிசை யார் யார். எங்கள் தாளில் நான்காவதாக ஒரு வரியும் இருக்கிறது, பென்சிலில்: 'கோப்ளின் செத்த பிறகு வாதம் பத்து நிமிடம் மட்டும்.'