கம்பளி நூலில் ஒரு கோழிக்குஞ்சு

எங்கள் வீட்டில் பேத்தியைக் கூப்பிடுவதே "குஞ்சு" என்றுதான். அதனால் கம்பளி நூலில் என்ன செய்யலாம் என்று கேட்டதும் அவள் யோசிக்கவே இல்லை. "கோழிக்குஞ்சு, அம்மம்மா!" அவளுக்கு 5 வயது. வெள்ளவத்தையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம் தொடங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டோம்.

கொழும்பு வெக்கைக்கு ஸ்வெட்டர் பின்னுபவர் குறைவு, ஆனாலும் நூல் கிடைக்கும். 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், தையல் சாமான் கடையில் "வூல்" என்று கேளுங்கள். 50 கிராம் மஞ்சள் பந்து ஒன்று போதும், மிச்சமும் வரும். கூடவே, அட்டையில் சுற்றிய கம்பளியை நடுவில் இறுக்கிக் கட்டத் தடித்த பருத்தி நூலும் கொஞ்சம் வாங்குங்கள். முதல் குஞ்சை நான் கம்பளி நூலாலேயே கட்டினேன். இறுக்கும்போது அது இழுபட்டு அறுந்து, சுற்றியதெல்லாம் என் மடியில் கொட்டிவிட்டது. பிள்ளையின் முகம் வாடிப்போனது.

உடம்புக்கு, பால்மாப் பெட்டி அட்டையில் 7 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டுங்கள். ஒற்றை அட்டை சுற்றும்போது வளைந்துவிடும். ஒரு நுனியிலிருந்து நடுவால் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுங்கள். மறுநுனியில் 3 செ.மீ. அப்படியே இருக்கட்டும். பார்க்க நீளக் காற்சட்டை மாதிரி இருக்கும். தலைக்கு 5 செ.மீ. அகலத்தில் இன்னொன்று.

சுற்றுவது முழுக்கப் பிள்ளையின் வேலை. அட்டையின் இரண்டு காலையும் சேர்த்துக் குறுக்காகச் சுற்ற வேண்டும்: உடம்புக்கு 120 சுற்று, தலைக்கு 80. ஒவ்வொரு பத்துக்கும் தட்டில் ஒரு கடலை வைக்கச் சொன்னேன். 70க்குப் பிறகு 90 என்று தாவினாள். தட்டை எண்ணிப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டாள். அந்த இடத்தில் நாம் வாய் திறக்கக்கூடாது.

கட்டுவது பெரியவர் வேலை. பருத்தி நூலை நடு இடைவெளியால் விட்டு, முதல் முடிச்சில் நுனியை இரண்டு தரம் சுற்றி இழுங்கள், அப்போதுதான் நழுவாது. மேலே இன்னொரு முடிச்சு. நுனிகளை ஒரு சாண் நீளத்துக்கு விட்டுவையுங்கள். பிறகு அட்டையைக் கழற்றி, இருபக்க மடிப்புகளையும் வெட்டிவிட்டால் பந்து விரியும்.

உருட்டித் திருத்துவதற்கு முன் பேப்பர் விரித்து, ஃபேனை நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் மறந்துபோய், சோற்றுப் பானை வரைக்கும் மஞ்சள் தூசு! முனை மழுங்கிய கத்தரிக்கோலைப் பிள்ளையிடம் கொடுத்து, பந்தைத் திருப்பித் திருப்பி வெட்ட விடுங்கள். ஒருபக்கம் சப்பையானாலும் நீங்கள் சரிசெய்யப் போகாதீர்கள்.

சரி, இனி தலையின் நுனிகளை உடம்பின் நுனிகளோடு முடிந்து வெட்டுங்கள். சொண்டுக்குச் செம்மஞ்சள் துணியில் சின்ன முக்கோணம், கண்ணுக்குக் கறுப்புத் துணியில் இரண்டு பொட்டு, பசை போதும். மணியோ பொத்தானோ வேண்டாம், குறிப்பாக 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில். கழன்றால் நேரே வாய்க்குள் போகும்.

வெட்டி விழுந்த தூசையெல்லாம் அவள் ஒரு வெறும் தயிர்ச்சட்டிக்குள் போட்டுக் கூடு கட்டினாள். குஞ்சு அதற்குள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தபடி இருக்கிறது. இப்போது முட்டையும் வேண்டுமாம். வெள்ளை நூல் வாங்க வேண்டும்.