கருதுகோளுக்கு முன் மாறிகள்
ஆய்வுக் கேள்வியைக் கருதுகோளாக, அதாவது சோதித்துப் பார்க்கத்தக்க கூற்றாக, ஆக்கும் முன், எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம் என்பதைப் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். உறக்கம் நினைவாற்றலைப் பாதிக்கிறதா என்று ஆராய்ந்தால், நாம் மாற்றும் உறக்க நேரம் ‘சாரா மாறி’. நாம் அளக்கும் நினைவாற்றல் ‘சார்ந்த மாறி’. ஆனால் வெறுமனே ‘நினைவாற்றல்’ என்றால் அளக்க முடியாது. 20 சொற்களைப் படித்து அரை மணி நேரம் கழித்துச் சரியாக நினைவுகூரும் சொற்களின் எண்ணிக்கை என்று வரையறுத்தால்தான் அது அளவுக்குள் வரும். என் பார்வையில், ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான். முடிவைப் பாதிக்கக்கூடிய வயது, காபிப் பழக்கம் போன்ற புறமாறிகள், கூடுதலாக உறங்குவோர், குறைவாக உறங்குவோர் ஆகிய இரு குழுக்களிலும் ஒத்திருக்க வேண்டும்.

பின்னர், ‘8 மணி நேரம் உறங்கியோர், 4 மணி நேரம் உறங்கியோரைவிடக் கூடுதல் சொற்களை நினைவுகூர்வர்’ என்ற கருதுகோளையும், வேறுபாடில்லை என்னும் இன்மைக் கருதுகோளையும் தரவு திரட்டும் முன்பே எழுதிவிட வேண்டும். புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1935இல் விளக்கியபடி, இன்மைக் கருதுகோளை மறுக்க இயலுமே தவிர, மெய்ப்பிக்க இயலாது.