அழுத்தும் முன்பே ஓடிவிடும் பட்டன்

பைத்தானில் விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவும் டிகின்டரில் முதல் விண்டோ எழுதுபவர்கள் அநேகமாக எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. வட்டி கணக்கிட ஒரு சின்ன விண்டோ என்று வைத்துக்கொள்வோம். அசல் தொகையைத் தட்ட ஒரு பெட்டி, அதன் கீழே ஒரு பட்டன். பட்டனுக்கு 'கமாண்ட் = வட்டி(பெட்டி.கெட்())' என்று எழுதிவிடுகிறார்கள். 'வட்டி' கணக்குப் போடும் ஃபங்ஷன்; 'கெட்' பெட்டியில் தட்டியதை எடுத்துத் தரும். புரோகிராமை ஓட்டியதும், யாரும் எதையும் தொடாமலே கணக்கு ஓடிவிடும். பெட்டி காலி, எண்ணாக மாற்றும் வரியில் 'வேல்யூ எரர்'. எரர் வராவிட்டால் இன்னும் மோசம். ஃபங்ஷன் திருப்பித் தந்த 'நன்' (None, அதாவது 'ஒன்றுமில்லை') பட்டனுக்குப் போய்ச் சேரும். அப்புறம் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

அடைப்புக்குறி போட்டால் 'இப்போதே ஓட்டு' என்று பொருள். பட்டனுக்கு ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள். பெட்டியில் இருப்பதை ஃபங்ஷனுக்குள்ளே படியுங்கள். வெளியிலிருந்துதான் அனுப்பவேண்டும் என்றால் 'லாம்டா: வட்டி(பெட்டி.கெட்())'. லாம்டா என்பது பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்; அதற்குள் இருப்பது அழுத்தும்போதுதான் ஓடும். ஃபங்ஷனையும் அதற்கான மதிப்பையும் முன்கூட்டியே சேர்த்துக் கட்டிவைக்கும் 'பார்ஷியல்(வட்டி, பெட்டி.கெட்())' அப்படியல்ல: அந்த வரி ஓடியபோது பெட்டியில் இருந்த வெறுமையையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும்.

பெட்டியை உருவாக்கும் வரியிலேயே, அதை விண்டோவில் வைக்கும் '.பேக்()' சேர்ப்பதும் வேண்டாம். பேக் தருவது 'நன்'. 'பெட்டி' என்ற பெயரில் அந்த 'நன்'தான் இருக்கும், உண்மையான பெட்டி கைவிட்டுப் போய்விடும்.

கால்குலேட்டருக்கு 0 முதல் 9 வரை லூப்பில் பட்டன் செய்தால் வேறொரு சிக்கல். எதை அழுத்தினாலும் 9 வரும். லாம்டா மாறியின் பெயரைத்தான் நினைவில் வைக்கிறது, மதிப்பை அல்ல; அழுத்தும் நேரத்தில் அந்தப் பெயரில் இருப்பது 9. 'லாம்டா எண்=எண்: சேர்(எண்)' என்று எழுதினால் அந்தந்த மதிப்பு அங்கேயே தங்கிவிடும். ஆனால் இதை அப்படியே, விண்டோ செய்ய உதவும் இன்னொரு லைப்ரரியான பைக்யூட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பட்டனை அழுத்தியதும் கிளம்பும் கிளிக்ட் சிக்னல் 'செக்டு' என்ற மதிப்பைத் தானாக அனுப்பும். உங்கள் 'எண்' இருந்த இடத்தில் 'ஃபால்ஸ்' வந்து உட்காரும். 'லாம்டா செக்டு, எண்=எண்' என்று அதற்கும் ஓர் இடம் விடுங்கள். நான் அதிக நேரம் தேடித் தவித்த பிழை இதுதான்.

வட்டி விண்டோவுக்கே வருவோம். ஃபங்ஷன் 'ரிட்டர்ன்' செய்யும் விடையைப் பட்டன் யாரிடமும் கொடுக்காது. ஃபங்ஷனுக்குள்ளேயே, விண்டோவில் எழுத்தைக் காட்டும் லேபிளில் எழுதிவிட வேண்டும். நம் ஊரில் ஒருவர் தொகையை 1,50,000 என்று கமாவோடுதான் தட்டுவார். எண்ணாக மாற்றும் 'ஃப்ளோட்' அதை ஏற்காது. எரர் டெர்மினலில் மட்டும் வரும், அவர் கண்ணில் படுவதோ அசையாத பட்டன். கமாவை நீக்கிவிட்டு மாற்றுங்கள்; அப்போதும் எண்ணாகாவிட்டால், அதே லேபிளில் சொல்லுங்கள்.