இணையதள முகப்பு மாற்றப்பட்டால்: குமரி மாவட்டச் சிறு அமைப்புகள் செய்ய வேண்டியவை

குளச்சலில் இயங்கும் ஒரு மீனவர் சங்கத்தின் தளத்தையோ, மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் குழுவொன்றின் தளத்தையோ அயல்நாட்டு ஹேக்கர்கள் ஏன் தொடப்போகிறார்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். 1998-இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனையைக் கண்டித்து மில்வோர்ம் என்ற குழு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளுக்குள் நுழைந்தது குறிபார்த்து நடத்திய தாக்குதல். ஆனால் சுதந்திர தினம், குடியரசு தினம், எல்லைப் பதற்றம் ஆகியவற்றையொட்டி நடக்கும் பல தாக்குதல்களில் ஊரும் பெயரும் பொருட்டே அல்ல. தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சேர்க்கப்பட்டு, புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் பிளக்இன்களை (துணை மென்பொருள்களை) தானியங்கி மென்பொருளால் தேடி, அகப்பட்ட தளங்களிலெல்லாம் தங்கள் கொடியையும் முழக்கத்தையும் ஏற்றிவிடுகிறார்கள்.

முகப்பு மாறியிருப்பது தெரிந்தவுடன் எதையும் அழிக்க வேண்டாம். முகவரியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தளத்தைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கியபின், கோப்புகள், டேட்டாபேஸ், சர்வர் லாக் (தளத்துக்குள் யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு) ஆகிய மூன்றையும் தனி ஹார்டு டிஸ்கில் இறக்கிக்கொள்ள வேண்டும். தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் பல ஹோஸ்டிங் சேவைகளில் பழைய லாக் தானாகவே அழிந்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முகப்பு மாற்றம் குறித்து 6 மணி நேரத்திற்குள், இணையப் பாதுகாப்புக்கான இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அது வெளியிட்ட உத்தரவு கூறுகிறது. மாவட்ட சைபர் கிரைம் போலீசாரிடமும் எழுத்துமூலம் புகார் அளித்து ரசீது பெறுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவின்படி இக்குற்றத்துக்கு 3 ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பழைய முகப்பை மீண்டும் ஏற்றிவிட்டு நிம்மதியடைவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு, ஏனெனில் நுழைந்தவர்கள் மறுபடியும் ரகசியமாக உள்ளே வர ஒரு பின்கதவை விட்டுச் சென்றிருக்கக்கூடும். படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்: ஆண்டுவிழாப் புகைப்படங்களுக்கு நடுவே, பிஎச்பி (.php) என்று முடியும் ஒரு சிறு நிரல் கோப்பு, தாக்குதல் நடந்த தேதியுடன் கிடக்கலாம். உங்களுக்குத் தெரியாத அட்மின் கணக்கு ஏதும் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். தாக்குதலுக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்டு, பிளக்இன்களைப் புதுப்பித்தபின் ஹோஸ்டிங், டேட்டாபேஸ், மின்னஞ்சல் பாஸ்வேர்டுகள் அனைத்தையும் மாற்றுங்கள். தளத்தை அமைத்துக் கொடுத்த தம்பி வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத நிலை நம் ஊர்களில் சாதாரணம். அவற்றைச் சங்கச் செயலாளரின் பொறுப்பில் வைப்பதே முறை.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்ஆப் குழுக்களில் பகிரவே கூடாது. முழக்கம் பரவ வேண்டும் என்பதற்காகவே அதை எழுதியிருக்கிறார்கள். அதில் மத நிந்தனை இருந்தால், எங்கிருந்தோ வந்த வசைக்காக இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் மோதிக்கொள்ள நேரும். 1982-இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட மாவட்டம் இது. தளம் தாக்கப்பட்டது, புகார் அளித்தாயிற்று, உறுப்பினர்களின் தொலைபேசி எண்களோ ஆதார் விவரங்களோ வெளியே போயினவா இல்லையா ஆகிய மூன்றை மட்டும் சங்கத்தின் பெயரிலேயே அறிவித்தால் போதும்.